நூபியாவும் நான்கு பொத்தான்களும்

யாராவது ஒரு ரிமோட்டை நீட்டினால் நூபியா பெர்துஸ் முதலில் அதை முகர்ந்து பார்ப்பாள். வாங்க, உட்காருங்க எல்லாம் பிறகுதான். வலது கட்டைவிரலில் மட்டும் நீளமாக வளர்த்திருக்கும் நகத்தால் பின்மூடியை நெம்பி, பேட்டரிகளை உள்ளங்கையில் கவிழ்த்துவிட்டு, காலியான குழியை மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு பேட்டரிகளைத் திரும்பப் போட்டு, தன் பழைய போனின் காமிராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துவாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி போன் திரையில் ஊதாவாக மினுக்கினால், "உயிர் இருக்கு" என்பாள். மினுக்காவிட்டால், "கொண்டுபோய்ப் பொதைச்சுடு" என்பாள். இத்தனை வருஷத்தில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

அவள் கடையின் முன்பாதியில் என் தையல் மிஷின் இருக்கிறது. மிக்சிக்கு, கேஸ் சிலிண்டருக்கு, வாஷிங் மெஷினுக்கு எல்லாம் உறை தைக்கிறேன். எங்கள் சியேனகா ஊர்ப் பெண்களுக்கு வீட்டுச் சாமான் எதுவும் உடுப்பில்லாமல் நிற்கக் கூடாது. ரிமோட்டுக்குக் கண்ணாடி பிளாஸ்டிக்கில் உறை. வாங்கிய அன்று போட்டால் பிறகு யாரும் கழற்றுவதில்லை. நான் தைத்ததை நூபியா கிழிப்பாள். அவள் கிழித்ததை நான் மறுபடி தைப்பேன். இருவருக்கும் பிழைப்பு நடக்கிறது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி மூடி வெச்சிருக்கீங்க. உள்ள வேர்த்து வழியுது. இந்த உப்புக் காத்துக்கு இரும்பே அழுவுது, இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று திட்டிக்கொண்டே, பச்சை படிந்த கம்பிச் சுருளைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பாள். தொட்டுக்கொள்ள ஒரு மூடியில் வினிகர்.

பேட்டரி தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று பல்லால் கடித்து நசுக்குவது எங்கள் ஊர் வழக்கம். நூபியா பல் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "இது உன் வீட்டுக்காரன் கடிச்சது. முன்பல்லுல ஒண்ணு இல்லையே. அவன்கிட்ட சொல்லு, இது கோழிக்காலு இல்லன்னு."

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடம்பு பெரியது, குரல் அதைவிடப் பெரியது. முன்பு ஒரு கேபிள் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்: அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். "நாலு வருஷம் அதையே சொன்னேன். ஒருநாள் எம்புருஷன் சண்டைக்கு வந்தான். வாய் தவறி அவன்கிட்டயும் அதையே சொல்லிட்டேன். அணைஞ்சு போனவன் திரும்ப வரவே இல்ல" என்று சிரிப்பாள். தெரியாது என்ற சொல் அவள் வாயில் வராது. ஒரு கோளாறு பிடிபடாவிட்டால், "அது இன்னும் என்கிட்ட மனசு விடல" என்பாள்.

இப்போது அவள் கைக்கு அதிகம் வருபவை, இணையத்திலிருந்து படத்தையும் பாட்டையும் இழுத்து டிவிக்குக் கொடுக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிகள். தலைநகர் போகோட்டாவிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். சில வருஷம் ஓடும். பிறகு, இந்தப் பெட்டியை இனி நாங்கள் கவனிக்க மாட்டோம் என்று திரையில் எழுத்து வரும். ஜனங்கள் அது செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி வருவார்கள்.

"சாகல. கம்பெனிக்காரன் மறந்துட்டான், அவ்வளவுதான். மறந்துபோனதையெல்லாம் குப்பையில போட்டா இந்தத் தெருவுல யாரு மிஞ்சுவா?"

அப்படி மறக்கப்பட்ட ஒன்று இப்போது முடிதிருத்தும் கடையில் வெட்டு மாதிரிகளைக் காட்டுகிறது. ஒன்று, ஜெப வீட்டில் பாட்டின் வரிகளைச் சுவரில் ஏற்றுகிறது. இன்னொன்று இறுதிச்சடங்கு நிலையத்தில் இறந்தவரின் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்த நிலையத்துக்காரர் ஒருமுறை போன வார ஆளின் படங்களை அழிக்க மறந்துவிட, பெரிய மீசை வைத்த ஒரு மீன்காரரின் சாவுக்கு ஒரு குண்டு ஆசிரியையின் படங்கள் ஓடின. நூபியா அங்கே போய்ச் சரிசெய்துவிட்டு, துக்க வீட்டுக் காப்பியும் குடித்துவிட்டு வந்தாள்.

அப்டேட் என்றால் மட்டும் அவளுக்கு முகம் சுருங்கும். "அது நகராட்சிக்காரன் ரோடு போடற மாதிரி. நல்லா இருக்கிறதையும் சேர்த்துத் தோண்டுவான். பாதியில கரண்ட் போச்சுன்னா குழிதான் மிச்சம்." அது உண்மைதான். அப்டேட் ஓடும்போது மின்சாரம் நின்றால் பெட்டி மறுபடி எழுந்திருக்காது. எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது நிற்கும் என்பது மின்சாரத்துக்கே தெரியாது.

போன ஜனவரியில், திருவிழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை, எதிர்ச்சாரியில் கரிமஞோலாப் பலகாரம் பொரித்து விற்கும் பெனில்தா ஒரு பெட்டியையும் ரிமோட்டையும் கொண்டுவந்தாள். கையெல்லாம் மரவள்ளி மாவு. நூபியாவின் மேஜையில் வைக்காமல் என் துணிகளுக்கு மேலே வைத்தாள்.

"அக்கா, இதை யாருக்காவது குடுத்துடு. அப்டேட் பண்ணு அப்டேட் பண்ணுன்னு கேட்டுக் கேட்டு ஓடறதையே நிறுத்திடுச்சு. ஒவீதியோவுக்கு இனிமே வேண்டாம். ஞாயித்துக்கிழமை யமிலே வந்து போகோட்டாவுக்கு அவரைக் கூட்டிட்டுப் போறா."

ஒவீதியோ அவள் கணவர். பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிற வேலை. பாரங்கீயா, பாரங்கீயா என்று பஸ் போகும் ஊரின் பெயரை அவர் கத்தினால் மீன் சந்தை வரை கேட்கும். ஆகஸ்டில் மூளையில் ரத்தம் கட்டி, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கையும் கோபமும் மட்டும் மிச்சம். யமிலே மகள். பெட்டியை வாங்கி அனுப்பியவளும் அவள்தான்.

நூபியா ரிமோட்டை முகர்ந்துகொண்டே, "என்ன திடீர்னு போகோட்டா?" என்றாள்.

"போன வாரம் கட்டில்லேருந்து விழுந்துட்டாரு. நான் வெளிய பொரிச்சிக்கிட்டு இருந்தேன். எண்ணெயை இறக்கிட்டு உள்ள போனா தரையில கெடக்காரு, எவ்வளவு நேரமோ தெரியல. யமிலே கேள்விப்பட்டுட்டா. ஒண்ணு அடுப்பைப் பாரு, இல்ல அப்பாவைப் பாருங்கறா. அடுப்பை அணைச்சா நாங்க எதைத் தின்கறது?"

"மணி கிணி ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேனே. வில்மரு பீக்கோ போட்டா இடி விழுந்தாலே கேக்காது. மணியா கேக்கும்?"

தெருமுனை வில்மரின் பீக்கோ ஆளைவிட உயரமான ஒலிபெருக்கி. பச்சையிலும் மஞ்சளிலும் முதலை வரைந்திருக்கும். அது பாடினால் என் ஊசிப் பெட்டி மேஜையில் தானாக நகரும்.

"போறதுக்கு அவன் என்ன சொல்றான்?"

"எங்க சொல்றது? போகோட்டான்னு யாராவது பேரெடுத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு."

நூபியா ரிமோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தைத்த உறை எல்லா இடத்திலும் புதிதுபோலத் தெளிவாக இருந்தது. சத்தத்தைக் கூட்டும் பொத்தானுக்கு மேலே மட்டும் வெளுத்து, நைந்து, ஓட்டை விழும் நிலையில் இருந்தது.

"டிவி சத்தத்தை யாரு இவ்வளவு ஏத்தறது?"

"அவருதான். நான் வெளிய வேலையா இருக்கும்போது திடீர்னு ஏறும் பாரு, ஊரே அதிரும். சரி, மனுஷன் உற்சாகமா இருக்காருன்னு நெனச்சுப்பேன்."

தெருவும் அப்படித்தான் நினைத்தது. சத்தம் கூடினால் அந்த வீட்டில் சந்தோஷம் என்று எங்களுக்கு அர்த்தம். யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். ஒவீதியோ தேறிவிட்டார் என்று வில்மர் தெருவில் நின்று கைதட்டியதுகூட உண்டு.

நூபியா ரிமோட்டைக் கீழே வைத்தாள். "அடியே பெனில்தா. அவன் டிவி பாக்கல. உன்னைக் கூப்பிட்டிருக்கான்."

பெனில்தா என் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பெட்டி நின்னுபோச்சே, இனிமே இது எதுக்குன்னு ரிமோட்டை எடுத்து அலமாரி மேல வெச்சேன். அதுக்கு மறுநாள்தான் விழுந்தாரு" என்றாள்.

"அழுவறதுன்னா அப்புறமா அழு. உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமைதானே வரா? நெறைய நேரம் இருக்கு."

அந்த மத்தியானம் முழுக்க நூபியா பெனில்தாவின் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவீதியோ எழுதுகிற ஆள் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து நாள்தோறும் மனைவிக்குக் குரலாகவே செய்தி அனுப்பியிருந்தார். அழிக்கத் தெரியாததால் பெனில்தா ஒன்றையும் அழிக்கவில்லை. முக்கால்வாசி புகார். மீதி சாப்பாடு. நடுநடுவே நூபியா தொடையைத் தட்டிச் சிரித்தாள். அடுப்பை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்த பெனில்தா, "அக்கா, போனதுக்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயத்துல ஒண்ணு அனுப்பியிருப்பாரு. அதை மட்டும் கேக்காத" என்றாள்.

"கேட்டாச்சு. ரெண்டு தடவை."

அந்த ரிமோட்டின் கீழ்வரிசையில் நான்கு பொத்தான்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படக் கம்பெனியின் பெயர். மாதச் சந்தா கட்டினால்தான் அவை வேலை செய்யும். எங்கள் தெருவில் யாரும் கட்டியதில்லை. நூபியா நகத்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டினாள். "நாலு பேரும் வாடகை குடுக்காம குந்தியிருக்கானுங்க. இனிமே வேலை பாக்கட்டும்." ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி ஒவீதியோவின் பழைய குரலில் ஒரு வாக்கியத்தைப் பேச வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

ஆனால் பொத்தானின் வேலையை மாற்றித்தரும் புரோகிராமை, பெட்டியிலிருந்த பழைய ஏற்பாடு உள்ளே விடவில்லை. அப்டேட் செய்தே ஆக வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பெட்டியும் இல்லை, ஒவீதியோவும் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மின்சாரம் வந்து வந்து போனது. நூபியா பெட்டியைத் தொடவே இல்லை. சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து வில்மரிடம் போனாள். கூட நானும் போனேன்.

"வில்மரு, உன் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். பீக்கோவை நிறுத்து."

"என்னக்கா இது! திருவிழா சனிக்கிழமை! அடுத்த தெருக்காரன் என்ன நெனப்பான்? என் மானம் என்ன ஆவுறது?"

"உன் மானம் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கட்டும். ஒவீதியோ உனக்காகப் பஸ் கூரையில இந்த முதலையை ஏத்திக் கொண்டுவந்தானே, அன்னிக்கு மானம் எங்க இருந்துச்சு?"

வில்மர் தலையைச் சொறிந்துகொண்டே பாட்டை நிறுத்தினான். பேட்டரியை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் தெரு அமைதியாக இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான். வீடு வீடாகக் கதவு திறந்தது. "யாரு போயிட்டாங்க?" என்று குரல்கள். தெல்ஃபினா அம்மாள் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, துக்கத்துக்கு எடுத்துப்போகும் பெரிய காப்பிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"யாரும் போகல. இந்தப் பெட்டிக்கு அப்டேட் ஓடுது" என்றாள் நூபியா, திரும்பாமலே.

"சொல்றதுக்கென்ன? இவ்வளவு காப்பி போட்டுட்டேனே!"

"ஊத்து."

எல்லோரும் குடித்தார்கள். கடைக்குள்ளும் வாசலிலும் நின்று, திரையில் ஊர்ந்த நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாதியைத் தாண்டியபோது மின்விசிறி நின்றது. எதிர்வீட்டு ரேடியோ நின்றது. தெருவில் மின்சாரம் போய்விட்டது. நூபியாவின் செருப்புக் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அதுவும் நின்றது. அவள் நகத்தைக் கடித்து அன்றுதான் முதலில் பார்த்தேன். நெம்புகிற அந்த நகத்தையே. பேட்டரி பிடித்துக்கொண்டது. பெட்டியின் சின்ன விளக்கு அணையவில்லை. கோடு ஊர்ந்து ஊர்ந்து மறுமுனையைத் தொட்டது.

"நான் சொல்லல?" என்றாள் நூபியா. அவள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இனி அப்டேட் தானாக வராதபடி பெட்டியில் அடைத்துவிட்டு, "கதவைச் சாத்தியாச்சு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. வில்மர் தன்னிடமிருந்த ஒரு சின்ன ஒலிபெருக்கியைப் பெனில்தாவின் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே தொங்கவிட்டான். பெட்டியிலிருந்து அதற்கு ஒயர் இழுத்தார்கள். ரிமோட்டுக்குப் புது உறை வேண்டுமா என்று நூபியாவைக் கேட்டேன். "வேண்டாம். இடது மணிக்கட்டுல கட்டிக்க ஒரு பட்டை தை" என்றாள். பழைய பையின் தோளில் இருந்த பட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். மூன்று பொத்தான்களில் என்ன இருக்கிறது என்று பெனில்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் இருந்த சிவப்புப் பொத்தானைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என்னிடம் தனியாக, "எந்த மனுஷனுக்கும் முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு பொத்தான் வேணும்டி" என்றாள்.

ஒவீதியோவின் கையில் பட்டையைக் கட்டி, சிவப்புப் பொத்தானைப் பற்றி அவர் காதில் மட்டும் சொன்னாள். அவர் ரிமோட்டைச் சந்தேகமாகப் பார்த்தார். முதல் பொத்தானை அழுத்தினார்.

"பெனில்தா! காப்பி எங்கடி? நான் என்ன ஒட்டகமா?"

பஸ்ஸின் ஹாரனும் பின்னணியில் கலந்திருந்த அந்தக் குரல் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே வெடித்தது. வாங்க நின்றிருந்த ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே ஒவீதியோ தன் குரலைக் கேட்டு அசையாமல் இருந்தார். பிறகு இன்னொரு தரம் அழுத்தினார். உடனே இன்னொரு தரம்.

"வரேன், வரேன்! ஊத்தறதுக்குள்ள மூணு தடவையா? பழைய ஆளேதான்" என்று பெனில்தா காப்பியோடு ஓடினாள். பாதியைத் தரையில் சிந்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை யமிலே வந்தாள். கையில் அப்பாவின் துணிமணிக்கு ஒரு காலிப் பெட்டியும், போகோட்டாக் குளிருக்கு வாங்கிய கனத்த ஸ்வெட்டரும். நல்ல பெண். அழுது வீங்கிய கண். நூபியா அழைக்காமலே போய்க் கட்டிலின் கால்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

"அப்பா, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்ப்பா. ஜன்னல் பக்கத்துல கட்டில். பகல்ல பாத்துக்க ஒரு அம்மா வருவாங்க. இங்க அம்மாவால முடியலப்பா. மறுபடி விழுந்தா நான் என்ன பண்ணுவேன்? நாளைக்குக் கெளம்பலாமா?"

இந்த முறை ஒவீதியோ சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஸ்வெட்டரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இடது கட்டைவிரல் முதல் பொத்தானைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதையும் தாண்டிப் போனது.

"இடமில்ல, இடமில்ல! வண்டி ரொம்பியாச்சு! அடுத்த வண்டியில வாங்க!"

அறைக்குள்ளும் தெருவிலும் ஒரே சமயத்தில் கேட்டது. வெளியேயிருந்து வில்மர், "அண்ணே, நின்னுக்கிட்டாவது வரேண்ணே!" என்று கத்தினான். தெரு சிரித்தது. யமிலே ஸ்வெட்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிலையத்துக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் முகத்தை ஸ்வெட்டரில் புதைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீ போய் அடுப்பைப் பாரு. வில்மர் அண்ணே, பீக்கோவை முழுச் சத்தத்துல போடுங்க" என்றாள். எண்ணெய் இரைந்தது. முதலை உறுமியது. யமிலே அப்பாவின் கட்டைவிரலை எடுத்து இரண்டாவது பொத்தானில் வைத்தாள். "பெனில்தா, சீக்கிரம் வா, சீக்கிரம்" என்ற வாக்கியம் முடிவதற்குள் பெனில்தா எண்ணெய் சொட்டும் ஜல்லிக் கரண்டியோடு கதவில் நின்றாள்.

"இன்னொரு தடவை" என்றாள் யமிலே. இன்னொரு தடவையும் வந்தாள்.

"எத்தனை தடவைடி? வெளிய கருகுது!"

நூபியா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "உனக்குத் திருப்தியா இருந்தா சொல்லு, பாப்பா. இல்லைன்னா ராத்திரி வரைக்கும் அழுத்து. பெட்டி தாங்கும், உங்கம்மாதான் தாங்க மாட்டா."

யமிலே திருவிழா முடியும்வரை இருந்தாள். போகும்போது ஸ்வெட்டரை மடித்து அந்தக் காலிப் பெட்டியிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஒவீதியோ சியேனகாவில்தான் இருக்கிறார். பேச்சு திரும்பவில்லை. வலது கால் கொஞ்சம் அசைகிறது. கட்டிலை இப்போது தெருப்பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெனில்தாவிடம் யாராவது, இன்னும் ஒன்று சேர்த்துப் போடு என்று பேரம் பேசினால், உள்ளேயிருந்து சிவப்புப் பொத்தான் பதில் சொல்லிவிடுகிறது. அந்த ரிமோட்டுக்கு நூபியாதான் பேட்டரி மாற்றுகிறாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதோடு சரி. காமிராவுக்கு முன்னால் பிடிப்பதில்லை.

இன்றைக்கும் மத்தியானம் அந்தக் குரல் தெருவைக் கடந்து வந்தது. இடமில்ல, இடமில்ல, அடுத்த வண்டியில வாங்க. நூபியா யாருடைய ரிமோட்டையோ பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. சாலையோரம் நின்று பஸ்ஸை மறிக்கிறவள்போல இடது கையை மட்டும் உயரத் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.